மாடி உள்ளவர்கள் கை தூக்குங்கள்

“வீட்டில் மாடி இருப்பவர்கள் எல்லாரும் கை தூக்குங்கள்!”

அரசாங்க அதிகாரி மலாயில் கேட்டார். எங்கள் தலைமையாசிரியர், பெரிய சார் என்று கூப்பிடுவோம், அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

ஒரு கையும் எழவில்லை. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டப் பள்ளி அது. தகரக் கூரை, வகுப்புகளுக்கு நடுவில் தடுப்புகூடக் கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் லயத்துப் பிள்ளைகள். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் மாடிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் உயரமான இடம் என்றால், அம்மா ஊறுகாய் ஜாடி வைக்கும் பலகைதான்.

லூர்துமேரி மட்டும் கையைத் தூக்கினாள்.

“உங்க வீட்டுலயா? மாடியா?” பெரிய சாருக்கே நம்ப முடியவில்லை.

“ஆமா சார். கோழி மேல இருக்கும். வெறகு கீழ இருக்கும்.”

கால் நட்டுக் கட்டிய கோழிக்கூண்டைச் சொல்கிறாள் பாவி. பெரிய சார் ஒரு நிமிடம் யோசித்தார். அதிகாரியிடம் திரும்பி, ஒரு வீட்டில் இருக்கிறது ஐயா என்று மலாயில் சொல்லிவிட்டார். அதிகாரிக்குப் பரம திருப்தி.

டை கட்டிய அப்பா

அதிகாரி நல்ல மனிதர். குறை சொல்லக்கூடாது. செம்மண் பாதையில் வேர்க்க வேர்க்க ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்திருந்தார். பெட்டி நிறையப் புத்தகங்கள். ஆபத்து வந்தால் சிறுவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் மெல்லிய புத்தகம். வழவழப்பான தாள். கையில் வாங்கியதும் நாங்கள் முதலில் அதை மோந்து பார்த்தோம்.

அட்டையில் ஒரு குடும்பம் நின்றது. அப்பா கழுத்தில் டை. வெள்ளம் வருகிறதாம், அதிலும் டை! பையன் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். பின்னால் மாடி வீடு, கூரையில் புகைபோக்கி. எந்தக் குளிர் நாட்டுப் படத்தைப் பார்த்து வரைந்தார்களோ தெரியாது. பார்த்த எங்களுக்கே வேர்த்துக் கொட்டியது.

உள்ளே இன்னும் அழகு. வெள்ளம் வந்தால் குளியல் தொட்டியில் நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். நாங்கள் குளித்தது லயத்துப் பொதுக் குழாயில். உடனே தொலைபேசியில் போலீசைக் கூப்பிட வேண்டும். தோட்டத்தில் இருந்ததே இரண்டு தொலைபேசி. ஒன்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மேசையில், இன்னொன்று தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில். கிராணி முன்னால் நின்றாலே எங்கள் அப்பாமார்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதில் அவர் மேசையிலிருந்து போலீசுக்கு ஃபோன் வேறா!

மெயின் சுவிட்சை அடைக்கச் சொன்னது புத்தகம். எங்களுக்கு லைட் வருவதே சாயங்காலம் இஞ்சின் ஓடும்போதுதான். அந்த சுவிட்ச் இஞ்சின்காரர் கையில் இருந்தது. அவர் எங்கே இருப்பார் என்று கள்ளுக்கடையில் கேட்டால் சொல்வார்கள்.

பூமி அதிர்ந்தால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளவும் என்று ஒரு பக்கம். என் தம்பி ரவிக்கு ஏழு வயது இருக்கும். ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

“அக்கா, நாம பாயிலதான ஒக்காந்து சாப்புடுறோம். அப்ப பாய்க்கு அடியில பூந்துக்கணுமா?”

அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அம்மா அவர் தலையில் தட்டினாள்.

கடைசிப் பக்கத்தில்தான் முக்கியமான விஷயம் இருந்தது. தண்ணீர் ஏறினால் மாடிக்குப் போ. மாடி ஜன்னலில் நின்று வெள்ளைத் துணியை ஆட்டு. எனக்கு அது அப்படியே மனப்பாடம். ஏன் என்றால் நான்தான் கேப்டன்.

கேப்டன் தனம்

ஆமாம், சிரிக்காதீர்கள், கேப்டன். அதிகாரி பெரிய சாரிடம், சத்தமாகப் பேசும் பிள்ளை ஒன்று வேண்டும் என்றார். பள்ளிக்கூடம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அதிகாரி என் சட்டையில் ஒரு சிவப்பு ரிப்பனைக் குத்திவிட்டு, ஒரு மலாய் வாக்கியத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

“ஹராப் பெர்தெனாங்! செமுவா கெ அதாஸ்!”

அமைதியாக இருங்கள், எல்லாரும் மேலே போங்கள் என்று அர்த்தம். ஒத்திகை பார்க்க மாடி வேண்டுமே, அதற்கு நீள பெஞ்சையே மாடி என்று வைத்துக்கொண்டோம். நான் கத்தினேன். எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். மாடி நடுவில் உடைந்து செமுவாவும் கீழே வந்தது. பெரிய சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பரவாயில்லை, உண்மையான மாடி இப்படி உடையாது என்று அதிகாரி ஆறுதல் சொன்னார்.

அந்த ரிப்பனை நான் கழற்றவே இல்லை. “தொவைக்கவாவது குடுடி” என்று அம்மா கெஞ்ச வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறையில் கெர்லிங் தோட்டத்திலிருந்து மாமா வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எங்க தோட்டத்துல மாடியே வேணாம்மா கேப்டன். மலையே இருக்கு!” என்றார். மலைநாட்டுத் தோட்டக்காரர்களுக்கு எங்களைக் கண்டாலே இளக்காரம். கடலோரத் தோட்டத்தில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மண்கரை. அதை பண்டு என்போம். அந்த பண்டு நின்றால் நாங்கள் நிற்போம்.

இப்போது கைப்பேசியே கத்துகிறது

இந்தக் கதை ஏன் ஞாபகம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் கோயிலில் தீபாராதனை நடக்கும்போது அத்தனை பேர் கைப்பேசியும் ஒன்றாக அலறின. வெள்ள எச்சரிக்கையாம். பூசாரி தட்டைக் கீழே போடாதது அம்மன் புண்ணியம்.

உடனே என் மகள் கவிதா செரண்டாவிலிருந்து கூப்பிட்டாள். அங்கே தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

“மா, அலர்ட் வந்துச்சா? பேக் பண்ணியாச்சா? ஐசி கார்டு, மருந்து, பவர் பேங்க், எல்லாம் ஒரே பேக்ல போடுங்க. நான் வந்து பிக்கப் பண்றேன்.”

“எங்கடி போறது?”

“எங்க வீட்டுக்குத்தான் லா. நாலாவது மாடி. தண்ணி ஏறவே ஏறாது.”

நாலாவது மாடி! கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பாட்டுக்குச் சிரித்தேன். அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் பயந்துபோனாள். பிறகு இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. வெள்ளத்தன்று துரை பங்களா வாசலில் அத்தனை பேரும் ஏம்மா நின்னாங்க, உள்ள போக வேண்டியதுதான என்று கேட்டாள்.

அதைச் சொல்ல வேண்டுமானால் சைக்கிளில் ஆரம்பிக்க வேண்டும்.

இறங்கித் தள்ளும் இடம்

துரை பங்களா எங்கள் லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு மேட்டில் இருந்தது. பலகை வீடு, இரண்டு தட்டு, வெள்ளைச் சாயம். தோட்டத்திலேயே மாடி உள்ள ஒரே வீடு. அதன் வாசல் வந்ததும் அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். தள்ளிக்கொண்டு நடப்பார். வேலி முடிந்ததும் மறுபடி ஏறுவார். அப்பா மட்டுமல்ல, எல்லா ஆண்களும் அப்படித்தான்.

வெள்ளைக்காரத் துரை காலத்தில், இறங்காதவனுக்கு அடி விழுமாம். அந்த வெள்ளைக்காரர் கப்பலேறிப் பல காலம் ஆகிவிட்டது. இப்போது இருந்த துரை உள்ளூர்க்காரர். இறங்கு என்று அவர் யாரையும் சொன்னதில்லை. ஆனால் சொல்லாவிட்டால் என்ன, கால் தானாக இறங்கும். பார் கம்பியில் உட்கார்ந்திருக்கும் நானும் இறங்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

“ஏம்ப்பா எறங்குறோம்?”

“அப்படித்தாம்மா.”

 துரை மனம் கோணினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. இது எங்களுக்கு அரிச்சுவடிக்கு முன்னால் தெரிந்த பாடம்.

மத்தியானத்துத் தண்ணீர்

வருஷக் கடைசி. பள்ளி விடுமுறை. மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடலும் பொங்கும் நாள். பண்டில் கசிவு என்று செய்தி வந்து, துரை, கிராணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர், ஆண், பெண் என்று எல்லாரும் மண்மூட்டை அடுக்கப் போய்விட்டார்கள். லயத்தில் இருந்தது பிள்ளைகளும் பாக்கியம் அத்தையும்தான். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தோம். ரவியின் தட்டு நகர்ந்தது. அவன் அதைப் பிடித்தான். மறுபடி நகர்ந்தது. கதவைத் திறந்தால் வாசல் சாக்கடையைக் காணவில்லை, எங்கும் ஒரே தண்ணீர்.

ஆயாக்கொட்டகைக்கு ஓடினேன். தூளியில் தூங்கும் குழந்தைகளுக்கு அடியில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. பாக்கியம் அத்தைக்குக் கை கால் ஓடவில்லை.

“கோயிலுக்குப் போயிருவோம்டி தனம்!”

“கோயில் நம்மளவிடப் பள்ளத்துல இருக்கு அத்த. மாடிக்குப் போகணும்.”

“எந்த மாடிடி?”

நான் கையை நீட்டிக் காட்டினேன்.

“அடி ஆத்தி! தொர பங்களாவா? உங்கப்பனுக்கு சீட்டக் கிழிச்சிருவாங்கடி! எல்லாரு அப்பனுக்கும்!”

அத்தை சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் அப்பாவின் வேலை, எங்கள் வீடு, எல்லாம் அந்த வாசலில் இருந்தது.  நானும் பயந்தேன் என்றே சொல்கிறேன். ஆனால் என் சட்டையில் சிவப்பு ரிப்பன் இருந்தது. தண்ணீர் ஏறினால் மாடிக்குப் போ என்று அரசாங்கமே அச்சடித்திருக்கிறது. அரசாங்கம் துரையைவிடப் பெரியது இல்லையா?

“ஹராப் பெர்தெனாங்!” என்று அடித்தொண்டையில் கத்தினேன். “செமுவா கெ அதாஸ்!”

பள்ளிக்கூடப் பழக்கம், பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். கைக்குழந்தைகளைப் பெரியவர்கள் இடுப்பில் ஏற்றிக்கொண்டோம். லூர்துமேரி இரண்டு கோழியையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அத்தை புலம்பிக்கொண்டே தூளிச் சேலைகளை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

துரைசாணி மேலே போனார்

பங்களா கதவைத் தட்டியதும் துரைசாணி திறந்தார். ஈப்போ பக்கத்துப் பெண்மணி, தமிழ் அவ்வளவாக வராது. வாசலில் சேறும் தண்ணீருமாக ஒரு பட்டாளம். முன்னால் நான்.

என்னவெல்லாமோ சொல்ல நினைத்தேன். வந்தது ஒன்றுதான்.

“ஹராப் பெர்தெனாங்! செமுவா கெ அதாஸ்!”

சொன்னால் நம்பமாட்டீர்கள். அவர் என் ரிப்பனைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் மேட்டைச் சுற்றி வந்துவிட்ட தண்ணீரைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் திரும்பி மாடிப்படி ஏறிவிட்டார். நாங்கள் வரிசை கலையாமல் அவர் பின்னால் ஏறினோம். மெழுகு போட்டுத் தேய்த்த படியில் எங்கள் கால் தடங்கள்! பாக்கியம் அத்தை ஒவ்வொரு படியையும் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

மேலே போனதும் அத்தை உத்தரத்தில் தூளி கட்டினார். துரைசாணி ரொட்டித் தகரத்தைத் திறந்தார். நான் கட்டிலில் விரித்திருந்த வெள்ளைப் போர்வையை உருவிக்கொண்டு போய் ஜன்னலில் ஆட்டினேன். கை வலித்தால் மறுகை. புத்தகத்தில் எவ்வளவு நேரம் ஆட்ட வேண்டும் என்று போடவில்லை.

பண்டின் ஒரு பக்கம் உடைந்ததும் எல்லாரும் லயத்துக்குத்தான் ஓடியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையும் இல்லை. ஆயாக்கொட்டகையில் வெறும் கயிறு தொங்கியது. அம்மா பிறகு அந்த நிமிடத்தைப் பற்றிப் பேசவே மாட்டாள். யாரோ ஒருவர்தான் போர்வையைக் கண்டு கையைக் காட்டியிருக்கிறார்.

ஓடி வந்தார்கள். வந்தவர்கள் பங்களா வாசலில் நின்றுவிட்டார்கள்.

கணுக்கால் தண்ணீரில், ஒருவர் பின் ஒருவராக. அப்பா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சைக்கிள் மிதித்து வந்தார். வாசல் வந்ததும் இறங்கினார். பெற்ற பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாத நேரத்திலும் கால் தானாக இறங்கியது. மேலேயிருந்து பார்த்த எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“தொர வந்துரட்டும், யாரும் உள்ள போவாதீங்க!” என்று மண்டோர் கத்தினார்.

அப்போது ரவி என் பக்கத்தில் வந்து ஜன்னலில் தலையை நீட்டினான்.

“அப்பா! இங்க ரொட்டி தர்றாங்கப்பா! மேல வாங்க!”

அப்பா சைக்கிளை அப்படியே விட்டார். அது தண்ணீரில் சாய்ந்தது. வாசலைத் தாண்டி, படியில் தடதடவென்று ஏறி வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் பின்னால் மொத்த லயமும் ஏறி வந்தது.

அடுத்த தடவை

தண்ணீர் வடிந்தது. ஒரு உயிரும் போகவில்லை. ஆனால் கிராணி வந்து, துரை அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிடுகிறார், மகளையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்றார். அவ்வளவுதான். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். அப்பா தீபாவளி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் ரிப்பனைக் குத்திக்கொண்டேன். “அது வேணாம்மா” என்றார் அப்பா. நான் கழற்றவில்லை.

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

“யாரு என் வீட்டு மாடிக்குப் போகச் சொன்னது?”

 நான் புத்தகத்தை மேசையில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். “கவர்மெண்டு, தொர.”

அவர் படித்தார். அட்டைப் படத்தில் டை கட்டிய அப்பாவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபோன் செத்துப் போச்சு. என் சம்சாரம் தனியா இருந்துச்சு. தண்ணி வர்றதே அதுக்குத் தெரியாது” என்றார் அப்பாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். “ஆனா படியெல்லாம் ஒரே சேறு. அடுத்த தடவ செருப்பக் கழட்டிட்டு ஏறணும்.”

“எங்க யாருக்கும் செருப்பே இல்ல தொர.”

அப்பாவுக்கு அந்த இடத்திலேயே மயக்கம் வந்திருக்கும். துரை என் காலைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்ப காலக் கழுவிட்டு ஏறுங்க. போங்க, வேலைக்கு நேரமாச்சு.”

வெளியே வந்ததும் அப்பா சைக்கிளை எடுத்தார். என்னைப் பார் கம்பியில் ஏற்றி உட்கார வைத்துக்கொண்டு மெல்ல மிதித்தார். பாதையெல்லாம் வெள்ளம் விட்டுப்போன சேறு. திடீரென்று என் காதுக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

“அடுத்த தடவன்னு சொன்னாரும்மா. கவனிச்சியா?”

“ம்ம்.”

“அடுத்த தடவ ஏறுங்கன்னு சொன்னாரு.”

“காலக் கழுவிட்டுப்பா.”

“ஆமா, காலக் கழுவிட்டு.” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் முதுகில் தெரிந்தது.

பங்களா வாசல் வந்தது. மாடிக் கம்பியில் துரைசாணி போர்வையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதன் ஒரு முனையைப் பிடித்து ஆட்டினார். நான் வழக்கம்போல இறங்குவதற்குக் காலை நீட்டினேன்.

“ஒக்காரும்மா” என்றார் அப்பா.

மிதித்துக்கொண்டே போனார்.